தங்கையின் ஆட்டம் பார்க்கப் போனேன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு நடனத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆடுகிறவர்கள் வியர்த்துக் கொட்டுகிறார்கள், பார்க்கிறவர்கள் ஏசியில் நடுங்குகிறார்கள், அந்த அளவில்தான் என் ஞானம். அப்படிப்பட்ட என்னைத்தான் என் தங்கை தீர்ப்புச் சொல்லக் கூப்பிட்டிருந்தாள்.

விஷயம் இதுதான். அவளுக்கு இரண்டு வேலைகள் காத்திருந்தன. ஒன்று, ஒரு பள்ளிக்கூடத்தில் நடன ஆசிரியை. காலையில் போனால் சாயங்காலம் வீடு. இன்னொன்று, இப்போது ஆடிக்கொண்டிருக்கும் குழுவோடு ஊர் ஊராகக் கிளம்புவது. கிளம்பினால் எப்போது திரும்புவார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. திங்கட்கிழமைக்குள் இரண்டில் ஒன்றுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

"நீ வந்து பாருக்கா. பாத்துட்டு நீ என்ன சொல்றியோ அதைச் செய்றேன்" என்றாள்.

"எனக்கு என்னடி தெரியும் அதைப் பத்தி?"

"தெரியாதுங்கிறதாலதான் கேக்குறேன். தெரிஞ்சவங்க எல்லாம் கட்டிப்புடிச்சு, பிரமாதம்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. நீ அப்படிச் சொல்ல மாட்டே."

உண்மைதான், சொல்ல மாட்டேன். ஆனால் நான் போகும்போதே பதிலையும் கையோடு எடுத்துக்கொண்டுதான் போனேன். பள்ளிக்கூடத்தில் சேர், அவ்வளவுதான். அவள் தலைகீழாக நின்று ஆடினாலும் அந்தப் பதில் மாறுவதாக இல்லை.

காரணம், நான் களைத்துப் போயிருந்தேன். ஆஸ்பத்திரியில் எனக்கு நர்ஸ் வேலை. ராத்திரி முழுக்க வார்டில் அடுத்தவர்களின் அப்பாக்களைப் புரட்டிப் படுக்க வைத்துவிட்டு, காலையில் வீட்டுக்கு வந்து சொந்த அப்பாவைப் புரட்டிப் படுக்க வைப்பேன். அவருக்குப் பக்கவாதம். வலது பக்கம் வேலை செய்யாது. பேச்சும் பாதிதான் வரும், ஆனால் அந்தப் பாதிப் பேச்சிலேயே முழுக் கோபத்தையும் காட்டிவிடுவார். ஊரே என்னை சிஸ்டர் சிஸ்டர் என்று கூப்பிடுகிறது. கூடப் பிறந்தவள் ஒருத்திதான் அக்கா என்கிறாள். அந்த ஒருத்தியும் சாயங்காலம் வீட்டில் இருந்தால் நான் கொஞ்சம் கண்ணை மூடலாம். என் கணக்கு அவ்வளவு எளிமையானது.

அவள் அப்பாவைக் கவனிக்காதவள் என்று சொல்ல முடியாது. ஊட்டிவிடுவாள், சவரம் செய்துவிடுவாள், அவரைச் சிரிக்கவும் வைப்பாள். தூக்கத்தான் மாட்டாள். ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டாள். "எனக்குப் பயமா இருக்குக்கா, கீழ போட்டுடுவேன்." மேடையில் ஆட்களைத் தோளில் தூக்கிச் சுற்றுகிறவள் சொல்கிற பேச்சா இது என்று நானும் எத்தனையோ தடவை திட்டிப் பார்த்துவிட்டேன். அசையவில்லை. கடைசியில் வேலையை இப்படிப் பிரித்துக்கொண்டோம். அப்பாவைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றுவது நான். நாற்காலி நகராமல் பிரேக்கைக் காலால் அழுத்துவது அவள். நான் அவரை நிமிர்த்திக்கொண்டே "பிரேக்!" என்பேன். அவள் கால் போய் அழுத்தும். அவள் வீட்டில் இருக்கும் நாட்களில் காலையும் மாலையும் எங்கள் வீட்டில் கேட்கும் முதல் சத்தமும் கடைசிச் சத்தமும் அதுதான்.

அன்றைக்கு அப்பாவோடு மாடி வீட்டு டீச்சரை உட்கார வைத்துவிட்டுக் கிளம்பினேன். டீச்சர் டிவியைப் போட்டுக்கொண்டார். அப்பா என்னைப் பார்த்து, "எங்க?" என்றார். "உங்க சின்னப் பொண்ணு ஆடுறா, பாத்துட்டு வரேன்" என்றேன். "நல்லா... பாரு" என்றார். பாதி வாயால் சிரித்தார்.

அரங்கம் பெரியதில்லை. சிவப்பு மெத்தை போட்ட இருக்கைகள். உட்கார்ந்ததும் உடம்பு உள்ளே போய்விடுகிற மாதிரி மெத்தை. தூங்காதவளை அப்படி ஒரு இருக்கையில் உட்கார வைப்பது பாவம். என் பக்கத்தில் கழுத்துக்குத் துணி சுற்றிய ஒரு பெரியவர். எல்லாம் தெரிந்தவர் என்பது அவர் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

"முதல் பாதி பாலே, ரெண்டாவது பாதி நவீன நடனம். ரெண்டையும் ஒரே மேடையில வைக்கிறதுக்குத் தைரியம் வேணும்" என்றார்.

"அப்படிங்களா" என்றேன். எனக்கு ஒரு காபி வேண்டும் போலிருந்தது.

திரை விலகியதும் வெள்ளை வெள்ளையாகப் பெண்கள் வந்தார்கள். வலைத்துணியில் குட்டைப் பாவாடை, வாரி இழுத்துக் கட்டிய கொண்டை. எல்லோரும் கால் விரல் நுனியில் நின்றார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் தரையே தொடாதவர்கள் மாதிரிதான் இருந்தது. ஆனால் நான் மூன்றாவது வரிசை. எனக்கு அந்தக் காலணிகளின் சத்தம் கேட்டது. பலகையில் டொக் டொக் என்று. முகத்தில் ஒன்றுமே நடக்காத மாதிரி ஒரு சிரிப்பு, கீழே தச்சுப்பட்டறைச் சத்தம். அது எனக்குப் பிடித்துப் போயிற்று. வார்டில் நாங்களும் அப்படித்தான் நடந்துகொள்வோம். மேலே சிரிப்பு, கீழே கால் பழுத்துப் போயிருக்கும்.

அப்புறம் ஒரு ஆணும் பெண்ணும். அவன் அவளை இடுப்பில் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கினான். எல்லோரும் மூச்சை இழுத்துப் பிடித்தார்கள். நான் அவன் இடுப்பைப் பார்த்தேன். முழங்காலை மடித்து, முதுகை வளைக்காமல் ஒழுங்காகத்தான் தூக்கினான். ஆனால் பாதி வேலையை அந்தப் பெண்ணே எம்பிக் கொடுத்துவிட்டாள். எங்கள் வார்டு நோயாளிகள் யாரும் எம்ப மாட்டார்கள். பிணக்கனமாகக் கனப்பார்கள், போதாததற்குத் திட்டவும் செய்வார்கள்.

"அடடா" என்றார் பெரியவர்.

"ஆமாங்க, நல்ல பிடி" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அதற்கடுத்த நடனத்தைப் பற்றிச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை, தூங்கிவிட்டேன். மறைக்க என்ன இருக்கிறது? வயலின் மெதுவாகப் போக ஆரம்பித்தது, யாரோ ஒரு பெண் ஒற்றைக் காலில் சுற்றிக்கொண்டிருந்தாள், அவள் சுற்றி முடிப்பதற்குள் நான் போய்விட்டேன். கைதட்டல் கேட்டுத்தான் விழித்தேன். நானும் தட்டினேன். நன்றாகத்தான் ஆடியிருப்பாள்.

இடைவேளையில் காபி கிடைத்தது. குடித்துவிட்டுத் தெம்பாக வந்து உட்கார்ந்தேன்.

இரண்டாவது பாதி தொடங்கியது எனக்குத் தெரியவே இல்லை. சாம்பல் நிறக் கால்சட்டையில் சிலர் மேடைக்கு வந்து அங்கங்கே நின்றார்கள். மேடையைத் துடைக்க வந்தவர்கள் என்று நினைத்தேன். பாட்டு இல்லை. குழாய் சொட்டுகிற மாதிரி ஒரு சத்தம் மட்டும். ஒருவர் விழுந்தார், எழுந்தார், வேறொருவர் விழுந்தார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. புறநோயாளிகள் வரிசையில் டோக்கனோடு உட்கார்ந்திருப்பவர்களை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து விட்ட மாதிரி இருந்தது. வெள்ளைப் பாவாடைக்காரிகள் தரையே இல்லை என்று பாசாங்கு செய்தார்கள். இவர்களோ தரையைத் தவிர வேறொன்றும் இல்லை என்றார்கள். யார் சொல்வது சரி என்று கேட்டால் நான் இவர்கள் பக்கம்தான் சாய்வேன். ஆனாலும் காசு கொடுத்து வந்தவர்கள் பாவாடைக்குத்தான் அதிகம் கைதட்டினார்கள்.

கடைசி நடனம் என் தங்கையுடையது. அவளே அமைத்தது. மேடையில் ஒரு இரும்புக் கட்டில். பக்கத்தில் ஒரு சக்கர நாற்காலி.

நான் மெத்தையிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

கட்டிலில் படுத்திருந்தவனை எனக்குத் தெரியும். குழுவிலேயே உயரமானவன், ஒட்டகம் என்று கூப்பிடுவார்கள். எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டிருக்கிறான், அப்பாவோடு சீட்டு விளையாடியிருக்கிறான். அவன் ஒரு பக்கம் உயிரில்லாதவன் மாதிரி கிடந்தான். வலது கை விரல்கள் உள்பக்கமாக மடங்கியிருந்தன. அப்பாவின் கை அப்படித்தான் மடங்கியிருக்கும்.

என் தங்கை வந்தாள். சாதாரண வீட்டு உடை. வந்தவள் இரண்டு உள்ளங்கைகளையும் இடுப்பில் ஒரு தரம் துடைத்துக்கொண்டாள். முன்நெற்றி மயிரை வாயாலேயே ஊதித் தள்ளினாள். அது நான். வேறு யாருமில்லை, நானேதான். நான் அப்படிச் செய்கிறேன் என்பதே அவள் செய்வதைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

அவன் முழங்கால்களை மடித்தாள். தோளுக்கடியில் கையைக் கொடுத்துத் தன் பக்கம் உருட்டினாள். கால்களைக் கட்டிலுக்கு வெளியே தள்ளி, அதே வீச்சில் உடம்பை நிமிர்த்தினாள். தன் முழங்காலை அவன் முழங்காலுக்கு முட்டுக் கொடுத்தாள். இடுப்புத் துணியைப் பிடித்தாள். முன்னால் ஒரு ஆட்டு, பின்னால் ஒரு ஆட்டு, எழுப்பு, திருப்பு, காலால் பிரேக், உட்கார வை. ஒரு பிசகு இல்லை. புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் வாய் வலிக்கச் சொல்லிக் கொடுத்தும் வராத வேலை.

எனக்குக் கோபம்தான் வந்தது. நெகிழ்ந்து போயிருப்பேன் என்று நினைப்பீர்கள், இல்லை. பற்றிக்கொண்டு வந்தது. அடிப்பாவி, இவ்வளவும் தெரிந்து வைத்துக்கொண்டா ஓரமாக நின்றாய்? நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கும்போதெல்லாம் நீ என்னைப் பாடம் படித்துக்கொண்டிருந்தாயா? வீட்டில் ஒரு நாள் தூக்கவில்லை, இங்கே ஊரைக் கூட்டி வைத்துத் தூக்குகிறாய். எழுந்து போய்விடலாமா என்றுகூட நினைத்தேன்.

அவள் மறுபடி அவனைக் கட்டிலுக்குக் கொண்டுபோய், மறுபடி தொடங்கினாள். இந்தத் தடவை வேகமாக, ஏறக்குறைய ஓட்டமாக. பக்கத்துப் பெரியவர் இருக்கை நுனிக்கு வந்துவிட்டார். அதே உருட்டல், அதே முட்டு, அதே ஆட்டு, ஆனால் பின்னால் தாளம் அடிக்க அடிக்க அது வேறு என்னவோ ஆகிக்கொண்டிருந்தது. சண்டை மாதிரியும் இருந்தது, கொஞ்சல் மாதிரியும் இருந்தது. இவ்வளவு நாளாக நான் செய்தது இதையா? இப்படியா இருக்கும் பார்ப்பதற்கு? யாராவது ஒருத்தர் முன்னாலேயே சொல்லியிருக்கலாம். என் கோபம் எங்கோ நழுவிவிட்டது.

மூன்றாவது தடவை ரொம்ப மெதுவாகத் தொடங்கினாள். இப்போது அவள் களைத்திருந்தாள். அது நடிப்பா நிஜமா என்று தெரியவில்லை. உருட்டினாள், நிமிர்த்தினாள், முட்டுக் கொடுத்தாள். எழுப்பினாள். அவனுடைய முழு எடையும் அவள் மேல். திருப்பினாள். அவள் கால் தரையிலேயே இருந்தது. நாற்காலியின் பிரேக் தூக்கியபடி நின்றது. இவள் மறந்துவிட்டாள்! அவன் உட்காரப் போகிறான், நாற்காலி பின்னால் ஓடப் போகிறது, மனிதர் மல்லாக்க விழுந்து பின்மண்டை அடிபடப் போகிறது.

"பிரேக்!"

வார்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் கேட்கிற என் குரல். அரங்கம் எம்மாத்திரம்? நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

அவள் கால் போய் அழுத்தியது. யோசிக்கவே இல்லை. நாற்காலி அசையாமல் நின்றது. ஒட்டகம் அதில் பொத்தென்று உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் முகத்தில் அப்படி ஒரு திகைப்பு. அவள் நாற்காலியின் பின்னால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். தாளம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கண்கள் இருட்டில் என்னைத் தேடின. அப்புறம் யாரோ விளக்கை அணைத்தார்கள்.

கூரை இடிந்து விழுகிற மாதிரி கைதட்டினார்கள். பாவாடைக்காரிகளுக்குக்கூட அவ்வளவு இல்லை. பெரியவர் என் பக்கம் திரும்பிக் கைகூப்பினார்.

"நீங்களும் நடிகைன்னு சொல்லவே இல்லையே! பார்வையாளர் நடுவுல குரலை ஒளிச்சு வச்சிருக்காங்க பாருங்க. என்ன கற்பனை!"

"நான் நர்ஸுங்க" என்றேன்.

"அதுவேதான், அதுவேதான்" என்றார். என்ன புரிந்ததோ.

மேடைக்குப் பின்னால் போனேன். ஒடுங்கிய நடைவழி, சுவரோரமாகப் பெட்டிகள், ஒரு மூலையில் வெள்ளைப் பாவாடைகள் மலை மாதிரி குவிந்து கிடந்தன. காலணியைக் கழற்றிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் கால் விரல்களைப் பார்த்தேன். பிளாஸ்திரி சுற்றாத விரல் ஒன்றுகூட இல்லை. அவள் என்னைப் பார்த்ததும் அதே மேடைச் சிரிப்பைச் சிரித்தாள்.

குழுவின் தலைவர் ஓடி வந்தார். மாஸ்டர் என்று எல்லோரும் கூப்பிடுகிற ஒல்லியான மனிதர். "அந்தக் குரல் உங்களோடதா? தெய்வமே! முடிவு தூக்கிடுச்சு. இனிமே எல்லாக் காட்சியிலயும் அதை வச்சுக்கலாம்" என்றார். நான் தினமும் வந்து கத்த வேண்டுமோ என்று ஒரு நிமிடம் பயந்தே போனேன்.

என் தங்கை ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். அழுத முகம். மாஸ்டர் நகர்ந்ததும் அவள் பக்கத்தில் போனேன்.

"மன்னிச்சுக்கடி. நீ மறந்துட்டேன்னு நெனச்சேன்" என்றேன்.

"மறக்கலக்கா."

"பின்ன?"

"நாற்காலி ஓடணும். அவன் கீழ விழணும். நான் திரும்பிப் பாக்காம நடந்து வெளிய போயிடணும். அதான் முடிவு. மாசக்கணக்கா ஒத்திகை பாத்தது அதுதான்."

யாரோ நாங்கள் இருப்பது தெரியாமல் நடைவழி விளக்கை அணைத்துவிட்டு, ஐயோ என்று மறுபடி போட்டார்கள்.

"அப்பாவைக் கீழ போட்டுட்டுப் போயிடுவியா?"

"மேடையிலதானேக்கா."

"மேடையிலகூட உன்னால முடியலையே."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பெரிய வார்த்தை என்று எனக்கே உறைத்தது. அவள் தலை குனிந்துகொண்டாள். ஆட்களைத் தோளில் தூக்குகிறவள், ஒரு அரங்கத்தையே கட்டிப் போடுகிறவள், என் ஒரு சத்தத்துக்குக் கால் தானாகப் போய் அழுத்துகிறது. இப்போது நான் பள்ளிக்கூடம் என்று சொன்னால் போதும். இதே மாதிரி, யோசிக்காமல், போய்ச் சேர்ந்துவிடுவாள். நாற்காலிக்குப் பின்னால் கைப்பிடியைப் பிடித்தபடி, விளக்கை யார் அணைப்பார்கள் என்று தெரியாமல் நிற்பாள்.

சொல்லியிருக்கலாம். எனக்கும் ஒரு முதுகுதானே இருக்கிறது? அவள் வீட்டில் இருந்தால் வாரத்தில் ரெண்டு சாயங்காலமாவது நான் தூங்குவேன். அதற்காகத்தானே வந்தேன்? அந்தப் பதில் நாக்கு நுனியிலேயே இருந்தது.

"சரி, சொல்லு" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "சொல்றேன்னு சொன்னே இல்ல. எப்படி இருந்துச்சு?"

"முதல் பாதியில தூங்கிட்டேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உன்னோடது முழுசா பாத்தேன்" என்றேன். "என்னையே பாத்த மாதிரி இருந்துச்சு. கோபம்கூட வந்துச்சு. முழுக்க நல்லா இருந்துச்சுடி. முடிவு மட்டும்தான் சரியில்ல."

"எல்லாரும் அதைத்தான் நல்லா இருக்குன்னு—"

"எல்லாரையும் விடு. என்னைத்தானே கேட்டே? சரியில்ல. நீ அங்க நின்னிருக்கக் கூடாது. போயிருக்கணும்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். சிறு வயதில் காய்ச்சலில் படுத்திருக்கும்போது மருந்துக் கரண்டியைப் பார்ப்பாளே, அப்படி.

"நாளைக்கு மறுபடி காட்சி இருக்கில்ல? நான் வரல. நீ உன் முடிவை ஆடு. திங்கட்கிழமை மாஸ்டர்கிட்ட வரேன்னு சொல்லிடு."

"அப்பாவை யாருக்கா—"

"இத்தனை நாளா யாரு தூக்கினா? பிரேக் போட ஒரு ஆள் கிடைக்காமலா போயிடும்? டீச்சரம்மாவுக்குக் கால் நல்லாத்தான் இருக்கு."

அவள் எழுந்து என்னைக் கட்டிக்கொண்டாள். வியர்வையும் மேக்கப்பும் கலந்து அப்பிக்கொண்டது. முழு எடையையும் என் மேல் சாய்த்துவிட்டாள். எம்பக்கூட இல்லை. நான் வழக்கம்போல முழங்காலை மடித்துத் தாங்கிக்கொண்டேன்.

"நிஜமாத்தான் சொல்றியா?" என்றாள் என் தோளில் முகத்தை வைத்தபடியே.

"கேட்டுக்கிட்டே நிக்காத. இன்னொரு தடவை கேட்டா வேற பதில் வந்துடும்."

அவள் மறுபடி கேட்கவில்லை. விலகி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாமான்களை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று உள்ளே போனாள். நடையே மாறிவிட்டது, ஏறக்குறைய ஓடினாள். இன்னும் ஒரே ஒரு தடவை கேட்டிருக்கலாம்.